நிக்காஹ்வுக்கு நாள் பார்த்த கம்ப்யூட்டர்

தொண்ணூறுகள் முடியப்போகிற நேரம். ஆனி மாதக் கடைசி. தெற்கே எங்கள் ஊர் வண்ணார்பேட்டையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நடந்தது இது. கீழே பஸ்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு திரும்பும். மேலே நாங்கள் ஜாவா படித்தோம். மேல்காற்று ஜன்னல் வழியாக வந்து, திரையில் புழுதியைப் பூசிவிட்டு, ஒன்றும் தெரியாதது போலப் போய்விடும்.

அந்த நாட்களில் என் எரிச்சலுக்கு இரண்டு பெயர்கள். ஒன்று அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ், மற்றது இன்டர்ஃபேஸ். சென்டரை நடத்திய மாஸ்டர் பலகையின் நடுவே கோடு கிழித்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசங்களை எழுதிப் போடுவார். அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் அரைகுறைத் தாய். சில வேலைகளைச் செய்முறையோடு எழுதி வைத்திருக்கும், சிலவற்றைப் பெயர் மட்டும் சொல்லிப் பிள்ளைகள் தலையில் கட்டிவிடும். இன்டர்ஃபேஸில் பெயர்கள் மட்டும்தான், செய்முறையே கிடையாது. ஒரு தாய்க்குத்தான் பிறக்க முடியும், இன்டர்ஃபேஸ் எத்தனை வேண்டுமானாலும் ஏற்கலாம். சரி சார், செய்முறையே இல்லாத ஒன்று எதற்கு சார் என்று கேட்டால், இன்டர்வியூவில் கேட்பார்கள் என்பார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். உடம்பில்லாத பெயர்களை வைத்துக்கொண்டு நான் யாரோடு குடித்தனம் பண்ண?

எங்கள் வீட்டில் எல்லோரும் வாத்தியார்கள். அப்பா, சித்தப்பா, இரண்டு அத்தைமார். எனக்கும் பி.எட். விண்ணப்பம் வாங்கி, அப்பா மேஜை மேல் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்திருந்தார். ஆடி பிறப்பதற்குள் வேலைக்கு ஒரு வழி தெரியாவிட்டால் விண்ணப்பம் போய்விடும், அதன் பின்னால் நானும் போயாக வேண்டும். மாஸ்டரோ ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். டவுணில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி மண்டபப் பதிவுக்கு புரோகிராம் கேட்கிறார். என்னுடையதை அவர் ஏற்றுக்கொண்டால், சென்னையில் தனக்குத் தெரிந்த கம்பெனிக்கு என்னை அனுப்பிவைப்பதாக.

எழுதினேன். 'விசேஷம்' என்று ஓர் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ். அது மட்டும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. வெறும் விசேஷத்துக்கு யாரும் மண்டபம் கேட்டு வருவதில்லையே. கல்யாணம் என்று வருவார்கள், வளைகாப்பு என்று வருவார்கள், காதுகுத்து என்று வருவார்கள். ஆகவே விசேஷம் தாய், மற்றவை பிள்ளைகள். பெயர், தேதி, ரசீது அடிப்பது எல்லாம் தாயிடம். பந்தி எத்தனை, மண்டபம் எத்தனை மணி நேரம் என்பதைப் பிள்ளைகள் சொல்லிக்கொள்ளட்டும். முகூர்த்த நாளா என்று பார்ப்பதையும் தாயிடமே வைத்தேன். இது எல்லோருக்கும் உள்ளதுதானே. நாள் பார்க்காமல் எங்கள் தெருவில் யார் எதைச் செய்திருக்கிறார்கள்? தினசரி காலண்டரைப் பார்த்து அந்த வருஷத்து முகூர்த்த நாட்களை எல்லாம் தட்டிச் சேர்த்தேன். அன்றைக்கு முகூர்த்தம் இல்லையென்றால் அடுத்த நல்ல நாளை அதுவே சொல்லும். அதில் எனக்குப் பெருமை வேறு. இன்டர்ஃபேஸ் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அண்ணாச்சி வந்தார். வெள்ளை வேட்டி, வாய் நிறைய வெற்றிலை. கூடவே மேலப்பாளையத்து ஜவுளிக்காரர் ஒருவர். மகளுக்கு நிக்காஹ். வாய்ப்பேச்சில் முன்பே முடிந்த மண்டபத்துக்கு ரசீது வாங்கப் போனவரை அண்ணாச்சி காரிலேயே ஏற்றி வந்துவிட்டார். முதல் பதிவு நிஜப் பதிவாகவே இருக்கட்டும் என்று அவருக்கு ஆசை. பாயைப் பார்த்தாலே தெரிந்தது, மனிதர் அவசரத்தில் இருக்கிறார். பத்திரிகை வைக்கக் காயல்பட்டினம் போக வேண்டும், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மடியில் பத்திரிகைக் கட்டை வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

ஆடி மாதம் இரண்டாவது புதன் என்றார். கல்யாணம் என்பதைத் தேர்ந்தெடுத்து, தேதியைத் தட்டி, பட்டனை அழுத்தினேன். ஆங்கிலத்தில் ஒரு பெட்டி எழுந்து நின்றது.

என்னங்குது உங்க மெஷின் என்று அண்ணாச்சி கேட்டார். நானே படித்து, நானே தமிழில் சொல்ல வேண்டியதாகப் போயிற்று. இது முகூர்த்த நாள் இல்லையாம். பதிவு செய்ய முடியாதாம். அடுத்த நல்ல நாள் ஆவணியில் இருக்கிறதாம்.

அண்ணாச்சி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

"என்ன வே பாய், மெஷின் ஒம்ம மவளுக்கு ஆவணியில நாள் குறிச்சிட்டே."

"ஆவணியில மாப்பிள்ளை துபாய்ல இருப்பாரு அண்ணாச்சி. இந்த மெஷினையே மாப்பிள்ளையாக்கிர வேண்டியதுதான்."

பாய் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அண்ணாச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடி பூராவும் ஒரு கல்யாணம் கிடையாது, மண்டபத்தில் வௌவால்தான் குடியிருக்கும், இவங்க வந்துதான் விளக்கு எரியுது, அந்த மாசத்தையே பூட்டுத மெஷின் எனக்கு எதுக்கு என்றார். பிறகு மாஸ்டரைப் பார்த்து, சங்கக் கூட்டம் நடக்கும், பள்ளிக்கூடத்து ஆண்டுவிழா நடக்கும், அதுக்கெல்லாமும் இது பஞ்சாங்கம் பாக்குமா என்று கேட்டார். பார்க்கும். தாயிடம் இருக்கிறதே, எல்லாப் பிள்ளைகளுக்கும் பார்க்கத்தான் செய்யும். என் காதெல்லாம் கொதித்தது.

அண்ணாச்சி எழுந்துவிட்டார். மாஸ்டர் பின்னாலேயே ஓடிக் கெஞ்சினார். அப்போது பாய் சொன்னார், எனக்கு அடுத்த பஸ் போதும், ஒரு டீ குடிச்சிட்டுப் போவோமே, பிள்ளை அவசரப்படாம பைய சரி பண்ணட்டும் என்று. அவர் உட்கார்ந்திருந்தால் அண்ணாச்சியும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். காரில் அழைத்து வந்தவர் விட்டுவிட்டுப் போக முடியாதல்லவா. அது எனக்காகச் செய்தது என்று அப்போது புரியவில்லை. இரண்டு பேர் முதுகுக்குப் பின்னால் டீயை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே என்ற எரிச்சல்தான் வந்தது.

மாஸ்டர் என் காதுக்குள் குறுக்கு வழி ஓதினார். நிக்காஹ் என்று ஒரு பிள்ளை கிளாஸ் எழுது, முகூர்த்தமா என்று கேட்டால் எந்த நாளானாலும் 'ஆமாம்' என்று சொல்லச் சொல்லிவிடு, வேலை முடிந்தது. கோபத்தில் அப்படியே செய்தேன். பெட்டி எழவில்லை, பதிவாகிவிட்டது. பிரிண்டர் கரகரவென்று ரசீதைத் துப்பியது. மாஸ்டர் அதைக் கிழித்துப் பாயிடம் நீட்டினார். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். பேர் சரி, தேதி சரி. அடுத்த வரி: முகூர்த்த நாள், ஆம்.

அவர் விரல் அங்கேயே நின்றது.

"இந்த வரி எங்களுக்கு இல்லியேம்மா. ரசீதுல இருந்தா ஒண்ணும் கெட்டுப்போவாது. ஆனா நாங்க பாக்காத ஒண்ணைப் பாத்ததா எழுத வேண்டாம் பாரு."

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. திட்டினால் திருப்பி மனதுக்குள் திட்டலாம். மறுபடி திரைக்குத் திரும்பினேன். பிள்ளை பொய் சொல்லாமல் இருக்க வேண்டுமென்றால் தாய் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. தாயிடமிருந்து எடுத்தால் கல்யாணத்துக்கு யார் கேட்பது? கல்யாணத்தில் ஒரு தடவை, வளைகாப்பில் ஒரு தடவை, காதுகுத்தில் ஒரு தடவை என்று தனித்தனியாக எழுதினால், பதிவுத் திரைக்கு யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கக் கூடாது என்று எப்படித் தெரியும்? இந்த நேரத்தில் கரண்ட் வேறு ஒருமுறை கண்ணடித்துப் போய்விட்டு வந்தது. சேமிக்காத வரிகள் எல்லாம் போயின. முதலிலிருந்து தட்ட ஆரம்பித்தேன்.

முதுகுக்குப் பின்னால் அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். மண்டபத்துக்கு அண்ணாச்சி புது ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறார். வாங்கி ஒரு வாரமாக ஓடவிடவில்லை. ஏன் அண்ணாச்சி என்று பாய் கேட்டார். நாள் பாத்துத்தான் வே ஓட விடணும், வெள்ளிக்கெழம நல்லாயிருக்காம் என்றார் அண்ணாச்சி. ஜெனரேட்டருக்கு நாள் பாக்கீரு, மெஷின் நிக்காஹ்வுக்கு நாள் பாக்குன்னா மட்டும் கோவமாக்கும் என்று பாய் கேலி செய்ய, அண்ணாச்சி அப்போதுதான் முதன்முதலாகச் சிரித்தார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. ஜெனரேட்டர் எந்த விசேஷத்துக்குப் பிள்ளை? அது என் விசேஷக் குடும்பத்திலேயே இல்லை, இரும்பு. அது நல்ல நாளுக்குக் காத்திருக்கிறது. குடும்பத்துக்குள் இருக்கும் நிக்காஹ் காத்திருக்கவில்லை. அப்படியென்றால் நாள் பார்ப்பது பிறப்பால் வருவது இல்லை. பார்ப்பேன் என்று ஒப்புக்கொண்டவர்கள் பார்க்கிறார்கள். ஒப்புக்கொள்வதற்குப் பெயர் மட்டும் போதும். எப்படிப் பார்ப்பது என்பது அவரவர் பாடு, செய்முறை அங்கே எதற்கு? இத்தனை மாதமாகப் பலகையில் செத்துக் கிடந்த அந்த உடம்பில்லாத பெயர்கள், வௌவால் கூட்டம் மாதிரி ஒரே நேரத்தில் எழுந்து பறந்தன.

'நாள் பார்ப்பது' என்று ஓர் இன்டர்ஃபேஸ் எழுதினேன். உள்ளே இரண்டே பெயர்கள்: முகூர்த்தமா, அடுத்த நல்ல நாள் எது. கல்யாணமும் வளைகாப்பும் காதுகுத்தும் அதில் கையெழுத்திட்டன. நிக்காஹ்வும் சங்கக் கூட்டமும் இடவில்லை. கையெழுத்திட்டவரிடம் மட்டும் திரை கேட்கும், மற்றவரிடம் வாயைத் திறக்காது, ரசீதிலும் அந்த வரி வராது. தப்புத் தப்பாகத் தட்டி, அரைப்புள்ளிகளைத் தேடித் தேடிப் போட்டு, மாஸ்டர் ஏதோ சொல்ல வந்தபோது சும்மா இருங்க சார் என்று சொல்லியும்விட்டேன். ஆடி இரண்டாவது புதன் பதிவானது. பிறகு அண்ணாச்சி, தானே வம்புக்கு, அதே மாதத்தில் கல்யாணம் ஒன்று போடச் சொன்னார். பெட்டி எழுந்து ஆவணிக்குப் போகச் சொன்னது. இது கெட்டிக்கார மெஷின் என்றார். சற்று முன்னால் திட்டியது அதே மெஷினைத்தான்.

பாய் ரசீதை மடித்துப் பத்திரிகைக் கட்டுக்குள் செருகினார். அங்கேயே ஒரு பத்திரிகையை உருவி, என் பெயரைக் கேட்டு எழுதி, நீட்டினார். ஒரு பஸ்ஸல்ல, பல பஸ்களை அவர் விட்டிருப்பார் என்று கீழே ஹாரன்களைக் கேட்டபோதுதான் உறைத்தது. நன்றி சொல்வதற்குள் படியில் இறங்கிவிட்டிருந்தார்.

நான் சென்னைக்குப் போனேன். பி.எட். விண்ணப்பத்தின் தேதி தானாகவே கடந்துபோயிற்று. அதன் பிறகு எத்தனையோ மொழிகளில் எத்தனையோ தாய் கிளாஸ்கள் எழுதியிருக்கிறேன். இராத்திரிகளில் கவிதை மாதிரி ஏதோ ஒன்றும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டிலும் 'எல்லோருக்கும்' என்று எழுத விரல் எழும்போது, இது எல்லோருக்குமா, இல்லை எங்கள் தெருவுக்கு மட்டுமா என்று கேட்டுப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போக இன்றுவரை எனக்குத் துணிவு வருவதில்லை.