தேநீர் கொண்டுபோனவர்

இதை எழுத நான்கு வருடமாகத் தயங்கினேன். எட்டாவதுக்கு மேல் படிக்காதவள் நான் எழுதி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சும்மா ஒரு சாக்கு. இதை எழுதினால், கோவிலில், சிலுவைக்கு முன்னால் நின்று நான் சொன்ன பொய்யையும் எழுத வேண்டும். அதற்குத்தான் பயந்தேன்.

நாங்கள் இருப்பது பெங்களூர் நீலசந்திராவில். கண்டோன்மெண்ட் பக்கம் எங்கள் மாதா கோவில். உள்ளே நுழைந்ததும் இடது சுவரில் ஒரு கல் பதித்திருக்கும். பட்டாளத்துக்குப் போய்ச் சண்டையில் இறந்த எங்கள் பங்கு மக்கள் பதினோரு பேரின் பெயர்கள் அதில் உண்டு. நவம்பர் மாதம் இறந்தவர்களுக்கான மாதம் அல்லவா, அதில் ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் ஆளுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். ஒவ்வொருவர் குடும்பத்திலிருந்தும் யாராவது எழுந்து இரண்டு நிமிடம் அவரைப் பற்றிச் சொல்வார்கள். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. "எங்க சித்தப்பா லீவுல வந்தா மீசைக்கே ஒரு மணி நேரம் ஆவும், அதுக்குள்ள இட்லி ஆறிப்போவும்" என்கிற மாதிரிதான். சிரிப்போம், கண்ணைத் துடைத்துக்கொள்வோம், பிறகு முற்றத்தில் காபி.

பதினோராவது பெயருக்கு மட்டும் பேச ஆள் இல்லை. எழுபத்தொன்றாம் வருடத்துச் சண்டையில் இறந்தவர். அவர் வீட்டார் எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். மெழுகுவர்த்தி எரியும், எல்லோரும் சும்மா நிற்போம். எனக்கு அது தாங்காது. ஒரு வருடம் ஃபாதர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க வாசகம் நல்லா வாசிக்கிறீங்க. அவரை நீங்க எடுத்துக்குங்களேன்" என்றார். தத்து எடுத்த மாதிரியே எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து வீட்டு ஜெபமாலையில் அவருக்கும் ஒரு மந்திரம் உண்டு.

பங்கில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருந்தார். அவரிடம் போய் விசாரித்தேன்.

"அவனா? லங்கர்ல இருந்தாம்மா. சமையல். தங்கமான புள்ள" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. மற்ற பத்துப் பேருக்கும் துப்பாக்கி, பீரங்கி, பாலம் கட்டுகிற வேலை. என் ஆளுக்கு மட்டும் கரண்டியா? அந்த ஞாயிறு எழுந்து நின்றேன். "கடைசி மூச்சு வரைக்கும் துப்பாக்கியைக் கீழே வைக்காமல் நின்றார்" என்று வாயில் வந்துவிட்டது. சத்தியமாக யோசித்து வைத்துச் சொன்னதல்ல. ஆனால் பெண்கள் அழுதார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த வருடம், கூட இருந்த இரண்டு பேரைத் தப்பிக்க அனுப்பிவிட்டுத் தனியாக நின்றார் என்றேன். அதற்கடுத்த வருடம் கையில் ஜெபமாலையும் வந்துவிட்டது. கோவில் ஆண்டு மலரில் அச்சடித்தார்கள். ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகள் நாடகமும் போட்டார்கள்.

என் வீட்டுக்காரர் வெல்டிங் வேலை செய்கிறவர். அவருக்கு மட்டும் நிஜம் தெரியும். "ஏன்டி, விடிஞ்சதுலருந்து அடுப்புல நிக்கிறவ நீ. சமையல்காரன்னு சொல்ல உனக்கே கூச்சமா? அப்ப நான் தினமும் டப்பால எடுத்துட்டுப் போறது இன்னா, பீரங்கிக் குண்டா?"

"சும்னே இருங்க" என்று அவர் வாயை அடைத்தேன்.

ஆறாவது வருடம் பூசை முடிந்து கதையைச் சொல்லிவிட்டு இறங்கினேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கூட ஒரு பெண். அது அவர் பேத்தி, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. அவளோடு ஹாஸ்டலில் தங்கியிருக்கும் எங்கள் பங்குப் பெண் அந்தக் கல்லின் போட்டோவைக் காட்டியிருக்கிறாள். அதில் ஒரு பெயரைப் பார்த்துத்தான் பேத்தி தங்கவயலிலிருந்து பாட்டியை அழைத்து வந்திருக்கிறாள்.

அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் அவனுக்குத் தங்கச்சி. நீ இவ்ளோ நேரம் சொன்னியே, அந்த ஆளு யாரும்மா?"

"உங்க அண்ணன்தாம்மா."

"என் அண்ணனா? அவனுக்குப் பக்கத்து வீட்டுல தீபாவளிப் பட்டாசு வெடிச்சாலே காதுல பஞ்சு வெச்சுக்குவான். நீ அவன் கையில துப்பாக்கி குடுத்துட்டியே!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. முற்றத்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து அவரே சொன்னார். அண்ணன் லீவில் வந்தால் அம்மாவை அடுப்பங்கரையைவிட்டு வெளியே துரத்திவிடுவாராம். அவர்கள் குடியிருந்த லைனில் வரிசையாக இருக்கிற எல்லா வீட்டுக்கும் சப்பாத்தி போடுவாராம். கடைசியில் பெரிய அதிகாரி எழுதிய கடிதம் வந்ததாம். மேலே காவல் இருந்தவர்களுக்கு இரண்டு நாளாகச் சூடாக ஒன்றும் போகவில்லை, இவர் தேநீர் போட்டுத் தோளில் சுமந்து போனார், வழியில் குண்டு விழுந்தது என்று.

"எங்கம்மா சாவுற வரைக்கும் அதைத்தான் சொல்லிச்சு. எம்புள்ள யாரையும் கொல்லப் போவல, டீ குடுக்கப் போனான்னு. அந்த ஒண்ணை வெச்சுத்தான் அது தேறிச்சு. அதைப் போய் எடுத்துட்டியே கண்ணு." கோவில் வாசலைக் கையால் காட்டினார். "அந்தக் கல்லு முன்னாடி ஒரு தபா அவனை அவனாவே கேட்டுட்டுப் போவணும். எல்லாரும் இங்கதான இருக்காங்க. இப்பவே சொல்லிடேன்."

எல்லோரும் கையில் காபியோடு நின்றார்கள். "அடுத்த வருஷம் சொல்றேம்மா" என்றேன். அவர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அந்த வாரமே ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "எங்க நின்னு சொன்னீங்களோ, அங்கயே நின்னு மாத்திச் சொல்லுங்க. அதுதான் அபராதம்" என்றார் ஃபாதர். விஷயம் தெரிந்த கமிட்டிக்காரர் ஒருவர், "இன்னாத்துக்கு சிஸ்டர்? மலர்ல வந்தாச்சு, பசங்களுக்கும் புடிச்சிருக்கு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றார். அந்த ஒரு வருடம் சமையல்காரருக்கான ஜெபமாலை மந்திரத்தைச் சொல்லும்போதெல்லாம் நாக்கு தடுக்கும். தங்கை திரும்பி வர வேண்டுமே என்றும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

வந்தார். அதே மூன்றாவது பெஞ்ச். நான் எழுந்து, "போன வருஷம் வரைக்கும் நான் சொன்னது பொய்" என்று ஆரம்பித்தேன். லங்கர், சப்பாத்தி, பட்டாசுக்குப் பஞ்சு, தேநீர், எல்லாம் சொன்னேன். பஞ்சுக்கு முதலில் சிரித்தது அவர் தங்கைதான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தேநீர் என்றதும் யாரும் சிரிக்கவில்லை.

அன்று முற்றத்தில் காபி இல்லை. அந்த அம்மாளும் நானும் பெரிய பாத்திரத்தில் தேநீர் போட்டோம். இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டார். அண்ணன் போடுகிற விதமாம். என் வீட்டுக்காரர் மூன்று டம்ளர் குடித்துவிட்டு, என்னைப் பார்த்து டம்ளரைத் தூக்கிக் காட்டினார். இப்போது வருடா வருடம் அப்படித்தான்.

கோவிலில் சொல்லியாயிற்று, எழுதாமல் விட்டாலும் போகட்டும் என்று இருந்தேன். போன மாதம் தங்கவயலிலிருந்து போன் வந்தது. "ஏம்மா, திரும்பத் துப்பாக்கி குடுத்துட்டியா?" பழைய மலரிலிருந்த கதை வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றிப் பேத்தியின் போனுக்கே வந்துவிட்டது. நான் சொன்னதற்கு மேல் இப்போது மார்பில் மூன்று குண்டு, கையில் கொடி. கோவிலுக்குள் சொன்னது கோவிலுக்குள்ளேயே நின்றுவிட்டது. பொய் மட்டும் ஊரெல்லாம் போகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் இதில் இருக்கிறபடியே சொல்லுங்கள். அவர் பட்டாளத்துச் சமையல்காரர். பட்டாசுச் சத்தம் ஆகாது. தோளில் தேநீர் சுமந்து போனார். போய்ச் சேரவில்லை. பாத்திரம் எவ்வளவு பெரியது, எத்தனை பேருக்கு என்று யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். எனக்கும் தெரியாது, அவர் தங்கைக்கும் தெரியாது.