விளக்கருகே சிவந்த கல்

மலாக்காவில் நானும் என் கொழுந்தன் மனைவி சுமதியும் ஒரே பட்டறையில் கல் தீட்டுகிறோம். வெயிலில் பச்சையாகவும் விளக்கொளியில் சிவப்பாகவும் தெரியும் கல் ஒன்றை, ஆளுக்கொரு மோதிரத்துக்காக இரண்டாக அறுத்தோம். மூத்த மருமகள் என்ற உரிமையில் தெளிவான பாதியை நான் எடுத்துக்கொண்டேன். அவளுக்குக் கலங்கல் பாதி.

நான் நுணுக்கமாகப் பட்டை தீட்டினேன். அவளோ பட்டையே இல்லாமல், மேல்பக்கம் குமிழ்போல வழவழவென்று தேய்த்துவிட்டாள்.

“கோலிக்குண்டு மாதிரி இருக்குலா!” என்று சிரித்தேன்.

பாயா ரும்புட் பகுதியில் அவளுடைய புது வீட்டுக் கிரகப்பிரவேசம். விடியுமுன் குத்துவிளக்கு ஏற்றக் கை நீட்டினாள். திரி பற்றியதும் மோதிரக் கல் முழுக்க ஒரே சிவப்பு, தணல் துண்டு மாதிரி. வந்த பெண்கள் அவள் கையை விடவே இல்லை. வீடும் அவளுக்கு, பேரும் அவளுக்கா?

“கலங்கல்ல பட்டை போட்டா கலர் எடுக்காதுக்கா, அதான் உருட்டிட்டேன். உங்களோடத காட்டுங்க” என்று என் கையைப் பிடித்து விளக்கருகே கொண்டுபோனாள் சுமதி.

என் கல்லும் சிவந்திருந்தது. பட்டைக்குப் பட்டை தீப்பொறி.

“எவ்ளோ அழகுக்கா!” என்றாள்.

அவ்வளவு நேரமும் என் விரலை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இப்போதும் விளக்கேற்றினால் என் கண் முதலில் அவள் விரலுக்குத்தான் போகிறது.