ஏழரை மணித் தொடர்

டவுணில் எங்கள் வீட்டில் ஏழரை மணிக்குத் தொடர் ஆரம்பித்தால், நான் புத்தகமும் கையுமாக டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவேன். "இந்த ஒப்பாரிய மனுசன் பாப்பானா?" என்று மனைவியிடம் எரிந்து விழுவேன்.

மகளின் பிரசவத்துக்காக அவள் பெங்களூர் போய் மூன்று மாதமாகிறது. கைப்பிள்ளை இருக்கும் வீட்டில் டி.வி. பார்க்க ஏது நேரம் என்று சொல்லி அவள் கதை கேட்க, நானே தொடரைப் பார்த்துத் தினமும் போனில் சொன்னேன். வாசித்துக்கொண்டிருந்த நாவல் பாதியில் கிடக்கிறது.

நேற்று, மாமியாரைப் போலீஸ் பிடித்துப்போன கட்டத்தை விஸ்தாரமாகச் சொன்னேன்.

"அதெல்லாம் நான் அன்னன்னைக்கே போன்ல பாத்திருதேன்," என்றாள்.

"பெறவு என்னத்துக்குத் தெனமும் எங்கிட்ட கதை கேட்ட?"

"கதை இல்லேன்னா, 'சாப்ட்டியா'ன்னு கேட்டுட்டு வச்சிருவியள்லா."