டிரினிடாட் அன்ரி பாடிய பாட்டு

டென்மார்க்கின் ஸ்கீவ நகரில் எங்களுக்குக் கீழ் வீட்டில் இருந்த அன்ரி டிரினிடாட் தீவுக்காரி. டேனிஷ் மாலுமி ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்தவர். அவருடைய பூட்டன் கரும்புத் தோட்ட வேலைக்கு மதராஸில் கப்பலேறியவராம். அதனால் தானும் தமிழ்தான் என்று, என்னைக் கண்ட முதல் நாளே டேனிஷில் சொல்லிக் கட்டிப்பிடித்தார். அப்பா வேலைக்குப் போனால் நான் அவர் வீட்டில்தான். தன் தீவில் தேவாலயத்து மாதாவை இந்துக்களும் தங்கள் தாயென்று கும்பிடுவதையும், முஸ்லிம்களின் முகரம் ஊர்வலத்தில் எல்லாரும் மேளம் அடிப்பதையும் கதைகதையாகச் சொல்வார்.

அம்மாவும் தம்பியும் யாழ்ப்பாணத்தில். அவர்களைக் கூப்பிட அப்பா போட்ட விண்ணப்பம் கோபன்ஹேகனில் கிடப்பில் கிடந்தது. எங்கள் ஆட்கள் பலருடையதும் அப்படித்தான். ஏன் என்று அதிகாரிகள் எவரும் வாய் திறக்கவில்லை. அம்மாவும் தம்பியும் ஒருவழியாக வந்து சேர்ந்தபோது தம்பிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

அவர்கள் வருவதற்கு முந்தின வருடச் சரஸ்வதி பூசை பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. அம்மா வரவேண்டும் என்று வேண்டி மாரியம்மன் பாட்டொன்று பாடப்போவதாக அன்ரி என்னிடம் சொல்லியிருந்தார். சேலை கட்டி வந்து, கண்ணை மூடிப் பாடினார். பொருள் அவருக்குத் தெரியாது. காதால் கேட்டுக் கேட்டு வந்த தமிழ். 'தாயே' மட்டும்தான் எனக்கு விளங்கியது.

"இதென்ன பாஷையப்பா?" என்று முன்வரிசையிலிருந்து எங்கள் ஆட்களில் ஒரு மாமா உரக்கக் கேட்டார். சைவக்காரரும் கிறிஸ்தவ வேதக்காரரும் பேதமில்லாமல் சிரித்தார்கள். பாட்டு பிடித்துவிட்டதென்று நினைத்த அன்ரி தானும் சிரித்து, இன்னும் சத்தமாகப் பாடினார்.

நான் எழுந்து நின்று கத்தினேன்.

"சிரிக்காதேங்கோ! அவ என்ரை அம்மாவுக்காகப் பாடுறா!"

"பிள்ளை, அது தமிழே இல்லை. வீட்டில ஆராவது ஒழுங்காச் சொல்லிக் குடுத்திருந்தா இப்பிடி ஆகுமோ?" என்றார் மாமா.

"எனக்கும் வீட்டில அம்மா இல்லைத்தானே. அப்ப நானும் இப்பிடித்தான் பாடுவனோ?"

சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா எழுந்து வெளியே போனார். எனக்காக ஒரு வார்த்தை கதைக்காமல் போகிறாரே என்று ஆத்திரத்தோடு பின்னால் ஓடினேன். சைக்கிள்கள் நிற்கும் இடத்தில், சுவரைப் பார்த்தபடி நின்றார். தோள்கள் குலுங்கின. இவருமா சிரிக்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். வீடு போய்ச் சேரும்வரை அவர் நீட்டிய கையைப் பிடிக்கவேயில்லை.