காலி பஸ்ஸும் காணாமல் போன செல்லமும்

டொரத்தி அக்காவ முதல் தடவை பார்த்தப்ப எனக்கு அவங்களப் பிடிக்கல. இத அவங்ககிட்டயே சொல்லிட்டேன். எனக்கும் உன்னயப் பிடிக்கல லான்னு எங்க ஊர் இழுவையோட சிரிச்சாங்க. ஜொகூர் பாரு பக்கம் உலு திராம்ல டயர் கடை வச்சிருக்கிற இந்த ஜெயபாலன் எப்படின்னு யாரைக் கேட்டாலும், ஆளு நல்லவன்தான், வாய்தான் சரியில்லன்னு சொல்லுவாங்க. கோபம் எனக்கு மூக்கு நுனியில. அந்தக் கோபத்தாலதான் போன வருஷம் என் அண்ணன் காணாம போனாரு. அவரைத் தேடுற வேலையக் கெடுத்ததும் அதே கோபம்தான்.

அக்காவுக்கு வயசு அறுபத்தொண்ணு. ஃபேக்டரி பஸ் ஓட்டுறாங்க, நாப்பத்துநாலு சீட்டு. விடியறதுக்கு முன்னாலயே தாமான் தாமானா, ஒவ்வொரு குடியிருப்பாப் போய் ஆளுங்கள ஏத்திக்கிட்டு, ஏழு மணிக்குள்ள தெப்ராவ்ல இருக்கிற ஃபேக்டரிகள்ல இறக்கிடுவாங்க. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சவங்கள அங்கருந்து ஏத்திக்கிட்டு வந்து வீட்டுல விடுவாங்க. அப்புறம் மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் அடுத்த நடை. புருஷன் டெஸ்மண்ட் சிங்கப்பூர்ல வெல்டிங் வேலை, காலையில பாலம் தாண்டினா இருட்டினப்புறம்தான் வருவாரு. நடுவுல கிடைக்கிற அந்த நேரத்துல மத்தவங்களா இருந்தா காலை நீட்டிப் படுப்பாங்க. அக்கா காணாம போனவங்களத் தேடப் போவாங்க.

எங்க பக்கம் யாரு காணாம போனாலும், போலீஸ்ல புகார் குடுத்த கையோட அடுத்த போன் அக்காவுக்குத்தான். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு கண்ணு சொக்கிப்போய் உக்காந்திருக்கிறவங்கள்ல எட்டுப் பேரு பத்துப் பேரு, நானும் வரேன்னு வீட்டுல இறங்காம பஸ்ஸுலயே இருந்துக்குவாங்க. அக்கா தலையை எண்ணுவாங்க. ஒவ்வொரு முச்சந்தியிலயும் ரெண்டு ரெண்டு பேரா இறக்கி விடுவாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு அதே இடத்துல வந்து ஏத்திக்கிட்டு மறுபடியும் எண்ணுவாங்க. தேடப் போன ஆளு தொலைஞ்சா எனக்கு ரெட்டை வேலைம்பாங்க. முழங்கால் வலி, அதனால அவங்க சீட்ட விட்டு இறங்க மாட்டாங்க.

இதெல்லாம் எதுக்கு, ஒருவேளை அவங்க வீட்டுல யாராவது காணாம போய்க் கிடைக்காமலே இருந்துட்டாங்களோன்னு எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல பாலன். ரெண்டு மணி வரைக்கும் பஸ் சும்மாதானே நிக்குது"ன்னாங்க.

சரி, அண்ணன் விஷயத்துக்கு வரேன். அவர் பேரு சபாபதி, அறுபத்தெட்டு வயசு. என்னை விடப் பதினோரு வயசு மூத்தவரு. அப்பா போனப்ப நான் சின்னப் புள்ள. அண்ணன் பலகை ஆலையில மரம் தூக்கித்தான் என்னை ஆளாக்கினாரு. கல்யாணம் பண்ணிக்கல. எங்ககூடதான் இருக்காரு. ரெண்டு வருஷமா மறதி வியாதி. சில நாள் தெளிவா இருப்பாரு. சில நாள் என் பொண்டாட்டி பிரேமலாவையே, நீங்க யாரும்மா, எந்த ஊருன்னு ரொம்ப மரியாதையாக் கேப்பாரு. அவளும் சலிக்காம, தங்காக்குங்க மாமான்னு ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லுவா. எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது.

அன்னைக்குத் திங்கக்கிழமை. ஜொகூர் பாருல ஒரு கல்யாண விருந்துக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தோம். என் கறுப்புத் தோல் சப்பாத்தைத் தேடிக்கிட்டுப் பின்பக்கம் போறேன், அண்ணன் அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, பள்ளிக்கூடப் பிள்ளைங்க சப்பாத்துக்குப் பூசுற வெள்ளையைப் பூசி, வெயில்ல காய வச்சிருக்காரு. "நாளைக்கு ஸ்கூல் இருக்கில்ல"ன்னாரு. எவ்வளவு சந்தோஷமாச் சொன்னாரு தெரியுமா? நான் என்ன சொன்னேன்னு இங்க எழுத எனக்கு வெக்கமா இருக்கு. இந்த வீட்டுல மனுஷன் இருக்க முடியுமான்னு கத்திட்டு, கேட்டைக்கூடச் சாத்தாம காரை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். ஒரு கடையில உக்காந்து ரெண்டு தே தாரிக் டீ குடிச்சேன். ஒன்றரை மணி நேரம் கழிச்சு வீட்டுக்கு வந்தா, பிரேமலா பட்டுச் சேலையோட ரோட்டுல நின்னு அழுதுக்கிட்டு இருக்கா. அவ குளிச்சிட்டு வர்றதுக்குள்ள அண்ணன் திறந்து கிடந்த கேட்டு வழியா நடந்து போயிட்டாரு.

அவருக்கு நீரிழிவு இருக்கு, ரத்த அழுத்தம் இருக்கு. மாத்திரையெல்லாம் சாப்பாட்டு மேசையிலயே இருந்துச்சு. லாரியா ஓடுற சாலை அது. எந்தப் பக்கம் போனாரோ, எங்க விழுந்து கிடக்கிறாரோ. புகார் குடுத்தோம். போலீஸ்காரங்க பொறுமையா எழுதிக்கிட்டாங்க. சண்டை போட்டேன்னு அங்கயும் சொல்லல, அப்புறம் அக்காகிட்டயும் சொல்லல. சும்மா வெளிய போனவர் திரும்பலன்னு மட்டும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலையில அக்கா பஸ்ஸோட வாசல்ல வந்து நின்னாங்க. போட்டோ கேட்டாங்க. நல்ல போட்டோ வேணாம், கடைசியா எடுத்தது, தாடியும் பனியனுமா இருந்தாலும் பரவாயில்ல, அதுதான் வேணும்னாங்க. என் அண்ணனை நாலு பேரு அப்படிப் பார்க்கிறதான்னு எனக்கு ரோஷம். என் மக லோஷினி கல்யாணத்துல எடுத்த படத்தைத்தான் குடுத்தேன். கோட்டு, டை, மை பூசின தலை, சீவி விட்ட மீசை. மந்திரி மாதிரி இருப்பாரு. இத விட்டா வேற படமே இல்லக்கான்னு கூசாமப் பொய் சொன்னேன்.

அன்னைக்கு ரெண்டு மணி வரைக்கும் தேடினோம். முன்னப்பின்ன தெரியாத ஆளுங்க, ராத்திரி பூரா மெஷின் முன்னால நின்னுட்டு வந்தவங்க, என் அண்ணனுக்காகக் கால்வாய் ஓரமெல்லாம் குனிஞ்சு பார்க்கிறாங்க. செம்பனைக் காட்டுக்குள்ள போய்ப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க. எனக்கு அப்பவே அவங்க கால்ல விழணும்போல இருந்துச்சு. ஆனா அன்னைக்கு மத்தியானமே அக்கா, ஒரு சின்னப் பையனையும் காணோமாம், தெப்ராவ் பக்கமிருந்து குரல் செய்தி ஒண்ணு வந்திருக்கு, பாதிப் பேரு அவனைத் தேடட்டும்னாங்க. எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. என் போனுக்கும் அந்தச் செய்தி வந்துச்சு. கேக்காமலே அழிச்சேன். புதன்கிழமை மறுபடியும் வந்துச்சு. மறுபடியும் அழிச்சேன்.

வியாழக்கிழமை எட்டே பேருதான். எல்லாருக்கும் கண்ணு செவந்து கிடக்கு. அக்கா எண்ணிப் பார்த்துட்டு, நாலு பேரு பெரியவருக்கு, நாலு பேரு பையனுக்குன்னாங்க. எனக்கு வாய் நிக்கல. பஸ்ஸுக்குள்ளயே கத்தினேன். போலீஸ்ல புகார்கூட இல்லாத பையனுக்கு எதுக்கு ஆளு, அவன் இந்நேரம் வீட்டுல உக்காந்து டிவி பார்த்துக்கிட்டு இருப்பான், என் அண்ணன் செத்துக்கிட்டு இருப்பாருன்னேன். அக்கா எஞ்சினை நிறுத்தினாங்க.

"உன் அண்ணனுக்கு நீ இருக்கே, பாலன். கத்துறதுக்காவது ஒரு ஆளு இருக்கு. அந்தப் பிள்ளைக்கு இதுவரைக்கும் ஒரு கிழவரைத் தவிர ஒருத்தரும் வந்து கேக்கல. நாமளும் விட்டுட்டா அவனை யாரு தேடுவா?"

சொல்லிட்டு, அந்தச் செய்தியக் கேட்டியான்னு கேட்டாங்க. இல்லன்னேன். உக்காரு, கேளுன்னு அவங்க போன்ல போட்டு விட்டாங்க. ஒரு வயசான ஆளோட குரல்.

"வணக்கம். நான் ஐயாசாமி, தெப்ராவ் ஃபேக்டரி வாசல்ல காவலுக்கு நிக்கிற ஜாகா. இங்க ஒரு பெரியவர் வந்து அழுதுக்கிட்டு நிக்கிறாரு. அவரோட தம்பியக் காணோமாம். தம்பிங்கிறாரு, பேரனாத்தான் இருக்கும். பேரு செல்லம். எட்டு வயசு. சைக்கிள்ல இருந்து விழுந்து இடது முழங்கால்ல அஞ்சு தையல் போட்ட தழும்பு இருக்காம். அண்ணன் மேல கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போயிட்டானாம். பசி தாங்க மாட்டானாம். பார்த்தவங்க சொல்லுங்க."

எங்க ஆளுங்கள்ல ரெட்டைப் பேரு இல்லாதவன் யாரு? பிறப்புப் பத்திரத்துல ஒண்ணு, வீட்டுல ஒண்ணு. எனக்கு வீட்டுப் பேரு செல்லம். அம்மாவும் அண்ணனும் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாங்க. அம்மா போய் நாப்பது வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் அண்ணனும் தம்பின்னுதான் கூப்பிடுவாரு. பிரேமலாவுக்கே அந்தப் பேரு தெரியாது. நான் குனிஞ்சு என் இடது காலையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"அக்கா, அது நான்தான்"னேன்.

அவங்களுக்கு முதல்ல விளங்கல. கால்சட்டையத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். திங்கக்கிழமை நடந்த எல்லாத்தையும், சப்பாத்துல இருந்து கேட்டு வரைக்கும், அந்த எட்டுப் பேரு முன்னாலயும் சொல்லி அழுதேன். அலமாக், போட்டோன்னு அக்கா தலையில கைய வச்சாங்க. அந்தப் பெரியவரே உன் அண்ணனா இருக்குமோன்னு அவங்க புதன்கிழமையே சந்தேகப்பட்டு, படத்தை ஐயாசாமிக்கு அனுப்பியிருக்காங்க. அவரும் உத்துப் பார்த்துட்டு, ஐயோ இவர் யாரோ பெரிய மனுஷன், இங்க இருக்கிறவர் தலை வெளுத்த ஏழைக் கிழவர்னு சொல்லிட்டாராம். என்னைத் திட்டுவாங்கன்னு எதிர்பார்த்தேன். அவங்க கியரப் போட்டு பஸ்ஸத் திருப்பினாங்க.

ஃபேக்டரி வாசலுக்குப் போய்ச் சேர்றப்ப பன்னெண்டு மணிக்குக் கால் மணி நேரம் இருந்துச்சு. ஐயாசாமி, அந்தப் பெரியவர் தினமும் மத்தியானச் சங்கு ஊதுறப்ப வந்து, தம்பி கிடைச்சானான்னு கேப்பாரு, எல்லாரும் தேடுறாங்க பெரியவரேன்னா நிம்மதியாப் போவாருன்னாரு. ஒரு லாரிக்காரர்தான் திங்கக்கிழமை அவரை இந்தப் பக்கம் கொண்டாந்து விட்டிருக்காரு. மூணு நாளா பக்கத்து ஹாஸ்டல்ல வங்காளதேசத்துப் பையன்கள்தான் பாய் போட்டுப் படுக்க வச்சு, சோறும் பருப்பும் குடுத்து, மாத்துச் சட்டையும் குடுத்திருக்காங்க. அதோட விட்டாங்களா? வேலை முடிஞ்சு வந்து, டார்ச் அடிச்சுக்கிட்டு, செல்லம் செல்லம்னு கூப்பிட்டுத் தேடியிருக்காங்க. கேன்டீன்ல வேலை செய்யுற பொம்பளைங்க தேடியிருக்காங்க. நான் அழிச்ச செய்தியக் கேட்டுட்டு எங்கெங்கயோ இருக்கிற பஸ் டிரைவருங்க தேடியிருக்காங்க. வாய்க்கொழுப்புல வீட்டை விட்டுப் போன ஒரு தடியனுக்காக இத்தனை பேரு.

அப்பதான் ஒரு பயம் வந்துச்சு. எட்டு வயசுப் பையனத் தேடுற மனுஷன் முன்னால, தலை நரைச்சுத் தொப்பையோட நான் போய் நின்னா என்ன ஆகும்? யாருங்க நீங்கன்னு கேட்டுட்டுத் திரும்ப நடக்க ஆரம்பிச்சிட்டா? அக்காகிட்ட சொன்னேன். அவங்க பஸ்ஸ விட்டு இறங்கினாங்க. முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா இறங்கி வந்து என் பக்கத்துல நின்னாங்க.

சங்கு ஊதிச்சு. ஹாஸ்டல் பக்கமிருந்து அண்ணன் வந்தாரு. நீல நிற டி-சட்டை, மூணு நாள் தாடி, வீங்கின காலு. நேரா ஐயாசாமிகிட்டதான் போனாரு. ஐயாசாமி என்னைப் பார்த்தாரு. அண்ணனும் திரும்பிப் பார்த்தாரு. அவர் கிட்ட வந்து என் முகத்தையே பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு.

"எங்கடா போன நீ? ஊரே தேடுதுடா உன்னய"ன்னு சொல்லிட்டு என் கையப் பிடிச்சுக்கிட்டாரு. அந்தப் பிடி இன்னும் வலிக்குது எனக்கு.

அப்புறம் அவர் என்னைப் பார்க்கல. பஸ்ஸுல வந்த எட்டுப் பேரு, ஐயாசாமி, சாப்பாட்டு நேரத்துக்கு வெளிய வந்த ஃபேக்டரிப் பொம்பளைங்க, அவருக்குப் பின்னாலயே வந்த ஹாஸ்டல் பையன்கள், டொரத்தி அக்கா, எல்லாரையும் ஒரு தடவை சுத்திப் பார்த்தாரு. ஒரு கையால என்னைப் பிடிச்சிருந்ததால இன்னொரு கைய மட்டும் நெஞ்சுக்கு நேரா வச்சுக் கும்பிட்டாரு.

"என் தம்பி கிடைச்சிட்டான். உங்களுக்கெல்லாம் புண்ணியமாப் போகும்"னாரு.

அப்புறம் என் கைய ஒரு இழுப்பு இழுத்து, "நீயும் சொல்லு"ன்னாரு. நானும் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டு, நன்றின்னு சொன்னேன்.