வங்கியை விட்டு வந்த மெற்றில்டா அக்கா

செய்தி வீடியோ அழைப்பில் வந்தது. அழைத்தவன் நிரோசன், நானும் மெற்றில்டா அக்காவும் படிப்பித்த காது கேளாத பிள்ளைகளில் ஒருவன், இப்போது ஓலைத்தொடுவாயில் கடற்றொழில் செய்கிறான். ஒரு கையில் தொலைபேசியைப் பிடித்திருந்ததால் மற்றக் கையால் மட்டும் சொன்னான். எனக்கு விளங்கவில்லை. பிறகு தொலைபேசியைப் படகில் சாத்தி வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் சொன்னான். மெற்றில்டா அக்கா காலையில் மாரடைப்பில் போய்விட்டார். நான் இப்போது வேலை செய்யும் வவுனியாக் கந்தோரில் என்னைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். ஒருவர் காதிலும் எதுவும் விழவில்லை.

அவரை அறிந்த உங்களில் சிலர் அஞ்சலிக் குறிப்புகளில் ‘தியாகி’ என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல் அக்காவுக்குப் பிடிக்காது. மன்னார் நகரத்து வங்கி வேலையை விட்டு, அதில் பாதிச் சம்பளமும் இல்லாத எங்கள் சிறிய பள்ளிக்கு வந்தவர் அவர். பரிசளிப்பு விழாவொன்றில் விருந்தினர் அவருடைய தியாகத்தைப் புகழ்ந்தார். அக்கா ஒலிவாங்கியை வாங்கி, “நான் ஒண்டையும் தியாகம் செய்யேல்லை. வங்கியில எனக்கு நித்திரை வரும், இங்க வராது. அவ்வளவுதான்,” என்றார். அதையே பிள்ளைகளுக்குச் சைகையில் சொன்னபோது, மேசையில் தலை சாய்ந்து குறட்டை விடும் வங்கிக்காரியாக மாறிவிட்டார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் விருந்தினரும் சிரித்தார்.

வீட்டார் சிரிக்கவில்லை. வங்கி வேலையை எடுத்துக் கொடுத்தவர் நறுவிலிக்குளத்திலிருக்கும் அண்ணன். அதை விட்ட நாளிலிருந்து அவர் தங்கையோடு கதைக்கவில்லை. அக்கா வாடகை அறையில் தனியே இருந்தார். ஒரு பின்னேரம் நான் போனபோது வாசலில் கதிரை போட்டுச் சும்மா இருந்தார். “பகல் முழுக்கச் சந்தோசம். ஆறு மணிக்குப் பிறகுதான் சம்பளம் குறைஞ்சது தெரியுது,” என்றார். நான் எழும்பும்போதெல்லாம் இன்னொரு தேத்தண்ணி ஊற்றினார்.

எனக்கு வவுனியாவில் கூடிய சம்பளத்தில் வேலை கிடைத்ததை அவரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் மறிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் விரும்பினேன். மறிக்கவில்லை.

“போம். அம்மான்ர மருந்துச் செலவு இருக்கு. பிடிச்ச வேலை எண்டு சொல்லி நான் உம்மை மறிச்சா, ஆறு மணிக்குப் பிறகு உம்மோட ஆர் வந்து இருக்கிறது?”

சேமக்காலையில் பழைய மாணவர்கள் குழியைச் சுற்றி நின்று அடக்கப் பாட்டைக் கைகளால் பாடினார்கள். அண்ணன் வந்திருந்தார். என் பக்கம் வந்து, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். வரி வரியாகச் சொன்னேன். முடிவில் பாட்டில் இல்லாத ஒன்றை நிரோசன் சேர்த்தான்.

“அதென்ன பிள்ளை?”

“எங்களோட கதைக்கவெண்டு வந்தவ எண்டு சொல்லுறான், ஐயா.”

மண் போடும்வரை அவர் என் பக்கத்திலேயே நின்றார்.

நான் இந்த வேலையை விடப்போவதில்லை. அம்மாவுக்கு மருந்து வேண்டும். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கைகளின் பழக்கம். கந்தோர்க் கூட்டத்தில் சலிப்பு வந்தால் மேசைக்குக் கீழே விரல்கள் தாமாகவே அசையத் தொடங்கிவிடுகின்றன. நேற்றுப் பக்கத்துக் கதிரைக்காரர் கை நோகுதோ என்று கேட்டார். கதைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? இல்லை என்று மட்டும் சொன்னேன்.