முந்திரிக்கொத்து டின்னுக்குள் ஒரு மாத்திரை

என் மகளுக்குக் கீரிப்பூச்சி என்று டாக்டரம்மா சொன்னதும், வெளியே இருப்பவர்களுக்குக் கேட்டிருக்குமோ என்று கதவைத்தான் முதலில் பார்த்தேன். டீச்சர் வீட்டுப் பிள்ளைக்குப் பூச்சி என்றால் யார் சும்மா இருப்பார்கள்? அதற்கு முந்தின ஞாயிறுதான், சர்ச்சில் நின்றுகொண்டு பின்னால் சொறிந்தாள் என்று கையில் ஓங்கி ஒன்று வைத்திருந்தேன். ஐந்து வயது. சத்தம் காட்டாமல் அழுதாள்.

"இந்த மாத்திரை இப்ப உள்ள பூச்சியக் கொல்லும். முட்டை சாவாது, பொரிஞ்சு குஞ்சு வரும். அதுவ வளந்து திரும்ப முட்டை போடுகதுக்குள்ள, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு மாத்திரை போடணும். வீட்டுல எல்லாரும் சேந்து போடணும். ஒருத்தர் விட்டாலும் சுத்தி வரும்" என்றார் டாக்டரம்மா.

மாமியார் மாத்திரையைக் கையில் வாங்கவே இல்லை. "எனக்கு எதுக்குட்டி பூச்சி மருந்து? நான் ஆடா, மாடா?" குடும்ப ஜெபம் முடிந்த கையோடு, பேத்திக்காக என்று கெஞ்சி விழுங்க வைத்தேன். கல்ஃபிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் வீட்டுக்காரர் மட்டும் மறுபேச்சில்லாமல் விழுங்கினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது மாத்திரைக்கு முன்னால் அவர் லீவு முடிந்தது. "அதக் கொண்டுபோவ மாட்டேன். ரூமுல பயலுவ கண்டா மானம் போவும்" என்றார். அடுத்த லீவில் வந்து பிள்ளையைத் தூக்கும்போது, எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்குமே என்று எனக்குப் பயம். அவருக்குத் தெரியாமல், பெட்டியில் வைத்த முந்திரிக்கொத்துப் பலகார டின்னின் அடியில் மாத்திரைக் கவரைச் செருகினேன். நாள் வரும்போது போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பு.

ஊரிலிருந்து போகும் பெட்டியை அங்கே யாரும் தனியாகத் திறப்பதில்லை. ரூம் நடுவில் வைத்து எல்லோரும் சேர்ந்துதான் கயிற்றை அறுப்பார்கள். எத்தனையோ பெட்டி கட்டித் தந்த எனக்கு அது தெரியாதா? இருந்தும் புத்தி போகவில்லை.

வெள்ளிக்கிழமை வீடியோ கால் வந்தது. மகள் என் மடியில் இருந்தாள். அவரோடு ரூமில் இருக்கும் கடியப்பட்டணத்துப் பையன் ஒருவன் போனைப் பிடுங்கிக் கவரை ஆட்டிக் காட்டினான்.

"அக்கா, முந்திரிக்கொத்துக்குக் கூட்டு பூச்சி மாத்திரையா?"

பின்னால் ஒரே சிரிப்பு. என் முகம் தீயாக எரிந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிடலாமா என்றிருந்தது.

"ஒண்ணுதான் வச்சியளா? நாங்க எட்டுப் பேருல்லா. ஒரே கக்கூசு. எல்லாவனும் சொறியான், ஒருத்தனும் வெளிய சொல்லமாட்டான்."

சிரிப்பு நின்றுவிட்டது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, எல்லோரும் ஒரே நாளில் போட வேண்டும், இரண்டு வாரம் கழித்துக் குஞ்சுகளுக்கு இன்னொன்று போட வேண்டும் என்று வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன். தலையாட்டினார்கள்.

அவர் போனை வாங்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போனார்.

"நான் லீவுக்கு வரும்போதே எனக்குச் சொறிச்சல் இருந்துது. ஒனக்கிட்ட சொல்ல வெக்கமாட்டு இருந்துது. பிள்ள எனக்க கூடல்லா படுத்தா."

இத்தனை நாளும் பள்ளிக்கூடத்து மண்ணையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் வைதுகொண்டிருந்தேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாய் திறந்தேன். அதற்குள் மகள் போனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, ஒங்களுக்கும் கடிச்சுதா?"

"ஆமா மக்கா."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவரிடம் கேட்டாள்.

"ஒங்கள ஆரு அடிச்சா?"